முழங்கால் தண்ணீருக்கு எந்தப் படகு?

திருப்பதி மாவட்டத்தில் கடலும் இருக்கிறது என்பது மலையேறிச் சாமி கும்பிட்டுத் திரும்புகிறவர்களில் பலருக்குத் தெரியாது. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து புது மாவட்டம் பிரிந்தபோது சூலூர்பேட்டையும் தடாவும் இந்தப் பக்கம் வந்தன. பழவேற்காடு ஏரியின் வடபகுதியும் அவற்றோடு வந்தது. பிச்சாட்டூர் அணையைத் தாண்டி வரும் ஆரணியாறும், சூலூர்பேட்டை வழியாக வரும் காளங்கியும் தண்ணீரோடு மண்ணையும் கொண்டுவந்து சேர்க்கும் ஏரி இது. சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்.

இங்கே படகு விட ஆசைப்படுகிறவர்கள் கொச்சியில் நடக்கும் படகுக் கண்காட்சிக்குப் போய்வந்து, கைப்பேசியில் படங்களைக் காட்டி யோசனை கேட்கிறார்கள். ஆசை நல்லதுதான். அதோடு ஒட்டிவரும் சில நம்பிக்கைகள்தான் எனக்குப் பயம் தருகின்றன.

நம்பிக்கை: விலைப்பட்டியலில் டிராஃப்ட் 40 சென்டிமீட்டர் என்றால், அரை மீட்டர் தண்ணீர் போதும்.

டிராஃப்ட் என்பது படகு தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்கிறது என்ற அளவு. பட்டியலில் அச்சிடுவது பெரும்பாலும் காலிப் படகின் கணக்கு. எட்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலமுள்ள ஃபைபர் படகை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 11 சதுர மீட்டர். 110 கிலோ ஏறினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும், அதாவது இரண்டு ஆட்களுக்கு ஒரு சென்டிமீட்டர். இருபது பேர் ஏறினால் பத்து சென்டிமீட்டர் போய்விடும். எரிபொருள், நங்கூரம், குடிதண்ணீர் கேன் எல்லாம் இதற்கு மேல். வெளியே மாட்டும் எஞ்சினின் விசிறியோ படகின் அடிமட்டத்துக்கும் கீழே ஏறக்குறைய ஓரடி தொங்கும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆட்களும் எரிபொருளும் நிறைந்து, எஞ்சின் இறங்கிய நிலையில் எவ்வளவு ஆழம் வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நம்பிக்கை: இரட்டைக் கீல் படகு தரை தட்டினாலும் கவலையில்லை, நிமிர்ந்தே நிற்கும்.

இது பிரிட்டனுக்குப் பொருந்தும். அங்கே பிரிஸ்டல் கால்வாய்ப் பகுதியில் ஓதம் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். தண்ணீர் வற்றினால் படகு தன் அடியில் நீண்டிருக்கும் இரண்டு கீல்களையும் ஊன்றிச் சேற்றில் நிற்கும், ஆறு மணி நேரம் கழித்து ஓதமே வந்து தூக்கிவிடும். சென்னைக் கடற்கரையில் பெரிய ஓதத்தின் ஏற்ற இறக்கமே சுமார் ஒரு மீட்டர்தான். ஏரிக்குள் அது இன்னும் குறைவு, முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். இங்கே சிக்கிய படகை ஓதம் தூக்காது, ஆட்கள் இறங்கித்தான் தள்ள வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் பாய்ப்படகுதான் வேண்டுமென்றால், மேலே தூக்கிக்கொள்ளும் நடுப்பலகையும், தரை தட்டினால் தானே மடங்கும் சுக்கானும் உள்ளதைத் தேடுங்கள்.

நம்பிக்கை: கேட்டமரான் நம் கட்டுமரம்தானே, நம் தண்ணீருக்கு அதுதான் சரி.

சொல் நம்முடையது. சோழமண்டலக் கரையில் பார்த்ததை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் எழுதினார், சொல் ஆங்கிலத்துக்குப் போனது. பொருள் வேறு. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு உள்ளறையே கிடையாது, அலை மேலே விழுந்தால் இடுக்கு வழியாக வழிந்துவிடும், தண்ணீர் தேங்கி மூழ்காது. கண்காட்சியில் நிற்பது இரண்டு ஒல்லியான உடல்களைப் பாலம் போட்டு இணைத்தது. ஒல்லியான உடல் சுமை ஏற ஏறச் சட்டென்று இறங்கும். குடும்பத்தோடு தங்கிப் பயணம் போகும் 12 மீட்டர் கேட்டமரானுக்கே ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் தேவைப்படலாம். அந்த நீளத்தில் ஒற்றை உடல் பாய்ப்படகு கேட்கும் இரண்டு மீட்டரைவிட அது குறைவுதான். ஆனால் நம் ஏரிக்கு அதுவும் அதிகம்.

நம்பிக்கை: பெரிய எஞ்சின் போட்டால் சேற்றை உழுதுகொண்டு போய்விடலாம்.

முடியாது. ஆழமில்லாத தண்ணீரில் வேகம் கூட்டினால் படகின் பின்பக்கம் இன்னும் கீழே அமிழும். எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சும் தண்ணீரோடு சேறும் போய் பம்ப் தேய்ந்துவிடும். எஞ்சின் பக்கவாட்டில் பீச்சும் மெல்லிய தண்ணீர்க் கம்பி நின்றுபோனால் உடனே அணைத்துவிட வேண்டும். தடாவை அடுத்த பீமுலவாரிபாளையம் துறையில் ஒரு படகோட்டியைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக எஞ்சினை அணைத்துத் தூக்கினார். நீண்ட கழியை ஊன்றி, உருவி, ஈரம் ஏறிய இடத்தில் விரலை வைத்தார். இடுப்புக்கும் கீழே. "இனிமே கழிதான் சார்" என்றார். அந்தக் கழி கண்காட்சியில் எந்தக் கடையிலும் இருக்காது. ஊரில் செய்து படகில் போட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: தண்ணீர் இடுப்பளவுதான், அடி தட்டையான படகும் கவிழாது, உயிர்காப்பு அங்கி எதற்கு?

இதைச் சொல்பவர்களிடம் 2011 டிசம்பர் 25ஐ நினைவூட்டுவேன். பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏரி முழுக்க ஒரே ஆழமில்லை. முகத்துவாரத்தில் நீரோட்டமும் உண்டு, அலையும் உண்டு. இடுப்பளவு தண்ணீரிலும் காலைச் சேறு பிடித்துக்கொண்டால் குழந்தையால் நிமிர முடியாது.

தட்டை அடிப் படகு முதலில் ஆடாது என்பது உண்மை. ஆனால் விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டால் அதன் பலம் அங்கேயே முடிந்தது. பூநாரைக் கூட்டம் எழும்பும் கணத்தை நினைத்துப் பாருங்கள். பதினைந்து பேர் ஒரே பக்கம் எழுந்து நின்று கைப்பேசியை நீட்டுவார்கள். எழுந்து நிற்பதால் பாரம் உயரும், ஒரு பக்கம் சாய்வதால் விளிம்பு தாழும், உள்ளே வந்த தண்ணீரும் அதே பக்கம் ஓடும். இருக்கைகள் தாழ்வாகவும் நடுவை ஒட்டியும் உள்ள படகை வாங்குங்கள். குழந்தைகளின் அளவுக்கும் அங்கி இருக்க வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மே மாதத்தில் ஒருமுறை ஏரிக்குப் போய்வாருங்கள். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இருபுறமும் டிசம்பரில் பூநாரை மேய்ந்த தண்ணீர் அப்போது வெடித்த களிமண்ணாக, உப்புப் பூத்துக் கிடக்கும். ஓடைகள் எந்த வழியாக ஓடுகின்றன, திட்டுகள் எங்கே மேடாகின்றன என்பதெல்லாம் வெட்டவெளியாகத் தெரியும். உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கையில் அளவு நாடாவோடு நடந்து பாருங்கள்.