ஊர்தேடி வந்த நூலகம்

நுழையும்முன்

நூல்களைத் திரட்டி ஓரிடத்தில் அடுக்கிவிட்டால் நூலகம் உருவாகிவிடுமா? நூலும் படிப்பவரும் சந்திக்க வழிசெய்வோர் வேண்டும். தமிழகத்தில் அவ்வழியை அமைத்த அறிஞர் ஒருவரையும், அவர் கருத்துக்குச் சக்கரம் பூட்டிய தொண்டர் ஒருவரையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

கணக்காசிரியர் நூலகர் ஆனார்

சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழியை அடையலாம். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்தார். கணிதம் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகிய அவருக்குத் தொடக்கத்தில் அப்பணி சலிப்பையே தந்தது.

பயிற்சிக்காக அவர் இலண்டன் சென்றார். அங்குத் தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் பொது நூலகங்களை உரிமையோடு பயன்படுத்துவதைக் கண்டார். 'இந்நிலை நம் நாட்டிலும் ஏற்பட வேண்டும்' என்னும் வேட்கையோடு தாயகம் திரும்பினார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். படிப்பவர் தாமே அடுக்குகளுக்குச் சென்று நூலைத் தேர்ந்தெடுக்க வகைசெய்தார். 1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தோன்றவும் அவர் பெருங்காரணமாக விளங்கினார்.

சிதம்பரத்தில் ஒலித்த ஐந்து விதிகள்

நூலகப் பணிகள் அனைத்திற்கும் அடிப்படையாகச் சில விதிகள் இருக்க வேண்டும் என்று அவருடைய கணித உள்ளம் தேடியது. அதன் பயனாக ஐந்து விதிகள் உருப்பெற்றன. அவற்றை 1928 டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் அவர் முதன்முதலாக வெளியிட்டார். அக்கல்லூரியே அடுத்த ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாக அடித்தளமாயிற்று.

நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உரியவை என்பது முதல் விதி. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கு உரிய படிப்பவர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. படிப்பவரின் காலம் வீணாகலாகாது என்பது நான்காவது. நூலகம் வளரும் தன்மையுடைய உயிர் போன்றது என்பது ஐந்தாவது.

இவற்றுள் இரண்டாம் விதி ஆழ்ந்து எண்ணத்தக்கது. அண்ணாமலைநகரில் பயிலும் மாணவருக்கு உள்ள அதே உரிமை, பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் வலை பின்னுபவருக்கும், காட்டுமன்னார்கோவில் வயல்களில் நாற்று நடுபவருக்கும் உண்டு என்பதே அதன் பொருள். நகருக்கு வர இயலாதவரை நூல் எவ்வாறு சென்றடையும்?

மாட்டுவண்டியில் நூலகம்

இவ்வினாவுக்கு மன்னார்குடியைச் சேர்ந்த பொறியியலாளர் எஸ்.வி. கனகசபை பிள்ளை விடை கண்டார். நூலடுக்குகள் பொருந்திய மாட்டுவண்டி ஒன்றை அவர் வடிவமைத்தார். 1931 அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் அதன் பயணம் தொடங்கியது. நெல் மூட்டைகளும் வைக்கோலும் ஏற்றிச் சென்ற சிற்றூர்ப் பாதையில், அன்றுமுதல் நூல்களும் பயணம் செய்தன.

இதற்கு முன்பே பரோடாவில் மன்னர் சயாஜிராவ் ஆட்சியில் நூல்கள் பெட்டிகளில் ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. அது அரசின் ஏற்பாடு. மன்னார்குடி வண்டியோ தனிமனிதரின் தொண்டுள்ளத்தில் பிறந்தது. விலையுயர்ந்த ஊர்தியை எதிர்பார்த்துக் காத்திராமல், ஊரில் உள்ள வண்டியையும் காளையையும் கொண்டே பணியைத் தொடங்கியது அதன் சிறப்பு.

கழுதையும் ஒட்டகமும்

இதே எண்ணம் ஆப்பிரிக்க மண்ணிலும் செயல்வடிவம் பெற்றது. ஜிம்பாப்வே நாட்டின் நிகாயி வட்டாரத்தில் கழுதை பூட்டிய வண்டிகள் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு நூல்களைக் கொண்டு செல்கின்றன. கென்யாவின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் உள்ள காரிசாவில், 1996ஆம் ஆண்டு ஒட்டக நூலகம் தொடங்கப்பட்டது. மணற்பாதையில் ஊர்தி செல்லாத இடத்திற்கும் ஒட்டகம் செல்லும் என்பதை உணர்ந்து அமைத்த திட்டம் அது.

தொலைவில் உள்ள பள்ளிக்கு நூல் வழங்க விரும்புவோர் இவற்றிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. நமக்குத் தேவைப்படாத நூல்களைப் பெட்டியில் கட்டி அனுப்புவது எளிது. அவற்றின் மொழி அங்குள்ள குழந்தைக்குப் புரியாவிட்டால் இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் ஒருங்கே மீறப்படுகின்றன. கொடுப்பவர் முதலில் படிப்பவரின் தேவையைக் கேட்டறிதல் வேண்டும்.

தொண்டும் சட்டமும்

தனிமனிதர் தொண்டு வழிகாட்டும். ஆனால் வண்டியைப் பழுதுபார்க்கவும், ஆண்டுதோறும் புதிய நூல்களை வாங்கவும் நிலையான பொருள்வளம் வேண்டும். இதனை உணர்ந்த அரங்கநாதன் நூலகச் சட்டத்திற்காகத் தொடர்ந்து முயன்றார். தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. சொத்து வரியோடு பெறப்படும் நூலக வரி, பொது நூலகங்களுக்கு நிலையான வருவாயாயிற்று.

சட்டம் வந்த பின்னும் தொண்டுக்குரிய இடம் குறையவில்லை. நூலகத்திற்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் நூல்களை எடுத்துச் செல்லும் 'நூலக நண்பர்கள்' திட்டம் இன்று தமிழகத்தில் செயல்படுகிறது. கனகசபை பிள்ளையின் பணியை இவர்கள் தொடர்கின்றனர்.

நம் பள்ளியில் பூட்டிய அலமாரிக்குள் நூல்கள் இருக்குமானால், அங்கும் முதல் விதி நிறைவேறவில்லை என்றே கொள்ள வேண்டும். நூற்பட்டியல் எழுதவும், வழங்கல் பதிவேட்டைப் பேணவும், நண்பகல் இடைவேளையில் நூல்களை எடுத்துக் கொடுக்கவும் மாணவர் நால்வர் முன்வந்தால் போதும். அந்த அலமாரி அன்றே நூலகமாகிவிடும்.

தெரிந்து தெளிவோம்

அரங்கநாதனின் ஐந்து விதிகள் 1931ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நூலகத்திற்குச் சென்று, அங்கு அதிகம் படிக்கப்படும் நூல்களையும் எவரும் எடுக்காத நூல்களையும் பட்டியலிடுக. அதற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் தெருவில் நூலகத்திற்குச் செல்ல இயலாதவர் எவரெவர்? அவர்கள் விரும்பும் நூல்களைக் கேட்டறிந்து, கொண்டு சேர்க்கும் வழியைத் திட்டமிடுக.