‘ஒலிம்பிக்’ என்னும் சொல் யாருக்குச் சொந்தம்?

வணிக உலகில் பெயருக்கு விலை உண்டு. ஒருவர் உழைத்து நற்பெயர் ஈட்டிய பொருளின் பெயரை மற்றொருவர் ஒட்டி விற்றால் வாங்குவோர் ஏமாறுவர். அதைத் தடுக்கவே வணிகக்குறிச் சட்டம் தோன்றியது. ஆனால், எவரும் ஏமாறாதபோதும் ஒரு சொல்லைப் பிறர் பயன்படுத்தலாகாது எனத் தடுக்கலாமா? விளையாட்டு விழா ஒன்றின் பெயரால் அமெரிக்காவில் எழுந்த வழக்கு இவ்வினாவை எழுப்பியது.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில், பத்துப் போட்டிகள் அடங்கிய டெக்காத்லானில் ஆறாம் இடம் பெற்றவர் மருத்துவர் டாம் வாடெல். தன்பாலீர்ப்பினரைச் சமுதாயம் இகழ்ந்து ஒதுக்கிய அந்நாளில், அவர்களும் பிறரும் கூடி விளையாட, 1982இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் ‘கே ஒலிம்பிக்’ என்ற விழாவை நடத்த அவர் முனைந்தார். ‘கே’ என்பது ஆங்கிலத்தில் அம்மக்களைக் குறிக்கும் சொல். செலவை ஈடுகட்ட அப்பெயர் பொறித்த பனியன்கள் விற்கப்பட்டன. அமெரிக்க ஒலிம்பிக் குழு வழக்குத் தொடுத்தது. விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது நீதிமன்றம் தடை விதித்தது. ‘கே கேம்ஸ்’ என்ற பெயரில் விழா நடந்தேறியது.

குழுவின் கையிலிருந்த கருவி, 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் விளையாட்டுச் சட்டம். சாதாரண வணிகக்குறி வழக்கில் மக்கள் குழம்புவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். இச்சட்டப்படி அது தேவையில்லை. 1987 ஜூன் 25இல் உச்ச நீதிமன்றமும் குழுவுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. குழு பாகுபாடு காட்டுகிறது என்ற வாதம், குழு அரசின் அங்கம் அன்று என்ற காரணத்தால் 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளப்பட்டது. அடுத்த மாதமே வாடெல் காலமானார்.

குழுவின் பக்கமும் நியாயம் உண்டு. பெயரைப் பயன்படுத்தும் உரிமையை நிறுவனங்களுக்கு அளித்துப் பெறும் பணம் வீரர்களின் பயிற்சிக்கு உதவுகிறது. எனினும், அறிவுத்திறன் குறைபாடு உடையோரின் விழாவுக்கு ‘ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்’ என்ற பெயரை அதே குழு இசைந்தளித்தது. அது நற்செயலே. ஒருவருக்கு ஈந்ததை மற்றொருவருக்கு மறுக்கும்போதோ, பெயரைக் காக்கும் வேலி மனிதரைத் தரம் பிரிக்கும் சுவராகிவிடுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒரு பட்டப் பெயர் எளியவரை எவ்வளவு தலைநிமிரச் செய்யும் என்பதை அறிவேன். வாடெல் நாடியதும் அத்தகைய மதிப்பையே. கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் கி.மு. 776இலேயே போட்டிகள் நடந்ததாகக் கூறுவர். அத்துணைப் பழைய சொல்லுக்கு, ஏமாற்றைத் தடுக்கும் அளவுக்கே சட்டம் காவல் நிற்க வேண்டும். அதற்கு மேல் அது மக்களின் பொதுச்சொத்து என்பதே என் துணிபு.