எயிட்ஸ் நோயும் எங்கள் தாதிப் பிள்ளைகளும்

தோட்டத்து லயங்களில் பிறந்து, உயர்தரம் பாஸ் பண்ணி, தாதியர் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளை இப்போது காண்கிறோம். பெற்றோருக்குப் பெருமை. கூடவே ஒரு பயமும் இருக்கிறது. "எயிட்ஸ்காரங்களுக்கு ஊசி போடுறப்ப நம்ம புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்யிறது?" என்று தாய்மார் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே இம்முறைப் பாடத்தைத் தாதி மாணவிகளுக்கென்றே எழுதுகிறோம். வீட்டிலுள்ளவர்களும் கூட இருந்து வாசியுங்கள்.

முதலில் ஒரு விசயம். எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். எயிட்ஸ் என்பது அந்தக் கிருமி பல வருடம் உடம்பில் இருந்த பிறகு வரும் நிலை. இரண்டும் ஒன்றல்ல. 1981இல் அமெரிக்காவில் இந்த நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. 1983இல் பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தார் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். இலங்கையர் ஒருவருக்குத் தொற்று இருப்பது முதலில் தெரிய வந்தது 1987இல்.

நம் இரத்தத்தில் சி.டி.4 என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. தோட்டத்துக் காவல்காரனைப் போல, வெளியிலிருந்து கிருமி வந்தால் சத்தம் போட்டு மற்றவர்களைக் கூப்பிடுவது அதன் வேலை. எச்.ஐ.வி. கிருமி அந்தக் காவல்காரனுக்குள்ளேயே புகுந்து, அங்கேயே பெருகி, அவனையும் அழித்துவிடுகிறது. சுகமானவருக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும் இந்த அணு 200க்குக் கீழே இறங்கினால் அதை எயிட்ஸ் என்கிறார்கள். மருந்தே எடுக்காவிட்டால் இந்த நிலைக்கு வர ஏறக்குறைய 10 வருடம் ஆகலாம். அதுவரை ஆள் பார்வைக்கு நல்ல சுகமாகவே இருப்பார், மலைக்குப் போய்க் கொழுந்தும் எடுப்பார். காவல் இல்லாத வீட்டில் காசநோய்தான் பெரும்பாலும் முதலில் நுழைகிறது.

பரவும் வழிகள் சிலதான்: பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், ஒருவர் பாவித்த ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு. ஒரே பீலியில் தண்ணி பிடிப்பதால், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால், கட்டிப் பிடிப்பதால் பரவாது. நுளம்பு கடித்தாலும் பரவாது. அதன் வயிற்றில் இந்தக் கிருமி உயிர் வாழாது.

இனி வாட்டு வேலைக்கு வருவோம். ஆளைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது என்றோம் அல்லவா? அதனால்தான் எல்லா நோயாளியின் இரத்தத்தையும் ஒரே மாதிரி கவனமாகத் தொட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். இரத்தம் படும் வேலைக்குக் கையுறை, முன்னும் பின்னும் கை கழுவுதல். "இவரு நல்ல குடும்பம், கையுறை தேவையில்ல" என்பதும் தவறு. "இவரு எயிட்ஸ்காரரு, மூணு கையுறை போடுவோம்" என்பதும் தவறு. கட்டிலுக்குப் பக்கத்தில் போகவும், கையைப் பிடித்து நாடி பார்க்கவும், சோறு ஊட்டவும் கையுறையே வேண்டாம்.

பாவித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். ஊசி குத்துகிற விபத்துகள் பல அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. நேரே கூர்ப்பொருள் பெட்டியில் போடுங்கள். பெட்டி முக்கால்வாசி நிறைந்தால் அதற்குமேல் திணிக்க வேண்டாம்.

அப்படியும் குத்திவிட்டால்? இரத்தத்தைப் பிதுக்காதீர்கள், வாயால் உறிஞ்சவே கூடாது. ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உடனே பொறுப்புச் சிஸ்டரிடம் சொல்லுங்கள். "ஏசுவாங்க" என்று பயந்து மறைக்கிற பிள்ளைகள்தான் எங்களுக்குக் கவலை. தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி 1000 தடவை குத்தினால் சுமார் 3 தடவைதான் எச்.ஐ.வி. தொற்றும். அதையும் தடுக்க மருந்து இருக்கிறது. சில மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணித்தியாலம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் குடிக்க வேண்டும். உண்மையில் ஊசியால் அதிகம் தொற்றுவது ஹெபடைட்டிஸ் பி என்னும் ஈரல் நோய். அதற்குத் தடுப்பூசி உண்டு. மூன்று முறையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

எயிட்ஸ் வந்தால் சாவுதான் என்ற பழைய பேச்சு இன்னும் லயத்தில் ஓடுகிறது. 1996க்குப் பிறகு அந்தக் காலம் மாறிவிட்டது. பல மருந்துகளைச் சேர்த்துத் தினமும் எடுப்பவர் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம். மருந்தால் கிருமி இரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்தால், உடலுறவு மூலமாகவும் துணைக்குத் தொற்றாது. மருந்து நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசம்.

கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக்கில் இரத்தம் எடுத்தால் "எனக்கெதுக்கு இது?" என்று மறுக்காதீர்கள். அந்தப் பரிசோதனையாலும் மருந்தாலும்தான் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது.

நோயைவிட ஊர்ப்பேச்சு பொல்லாதது. தகப்பன் எயிட்ஸில் செத்தார் என்ற வதந்தியை நம்பி, 2016இல் நம் நாட்டிலேயே ஒரு சின்னப் பையனைப் பாடசாலையில் சேர்க்கவிடாமல் மற்றப் பெற்றோர் எதிர்த்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் தொற்றே இல்லை. கடைசியில் கண்டியிலுள்ள ஒரு பெரிய கல்லூரி அவனுக்கு இடம் கொடுத்தது. தாதிப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது வாட்டில் பார்த்த ஆளைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக்கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். பெற்றோரும் கேட்கக்கூடாது.

பரிசோதனை செய்ய விரும்புகிறவர்கள் நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி போன்ற இடங்களிலுள்ள அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்குக்குப் போகலாம். காசு இல்லை, விவரம் வெளியே போகாது. கொழும்பில் வேலை செய்துவிட்டு வருகிற ஆம்பிளைகளும் வெட்கப்படாமல் போங்கள், ஆணுறையும் அங்கே கேட்டு வாங்கலாம். தொற்றி மூன்று மாதத்துக்குள் செய்தால் சிலவேளை தெரியாமல் போகும் என்பதால், திரும்ப ஒருமுறை வரச் சொன்னால் போக வேண்டும். எந்த நாளில் கிளினிக் என்று தோட்டத்து மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள். எதுக்கு என்று அவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.