கிளிக் கூட்டும் கருவிக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: மூன்று வருடமாக மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஓர் இணையதளம் நடத்திவருகிறேன். வேர்ட்பிரஸில் இயங்குகிறது. மாதம் சுமார் 40,000 பக்கப்பார்வைகள் வருகின்றன. ஆனால் கூகுள் ஆட்சென்ஸில் மாத வருமானம் 20 டாலரைத் தாண்டுவதே இல்லை. ‘அதிக சிபிசி’ உள்ள சொற்களைத் தேடித் தரும் மென்பொருள் ஒன்றை வருடம் 6,000 ரூபாய் கட்டி வாங்கச் சொல்கிறார் நண்பர். இன்னொருவர், ஒருவர் தளத்தில் இன்னொருவர் கிளிக் செய்துகொள்ளும் டெலிகிராம் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறார். வருமானம் கூட எந்தக் கருவியை வாங்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த டெலிகிராம் குழுவிலிருந்து வெளியேறுங்கள். இந்தப் பதிலை மீதி படிப்பது அதற்கப்புறம் இருக்கட்டும். 6,000 ரூபாயையும் கையிலேயே வைத்திருங்கள். அது உங்கள் மூன்று மாத ஆட்சென்ஸ் வருமானத்துக்கும் மேல்.

குழுவைப் பற்றி ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அதில் இருப்பவர்கள் செய்வது கூகுளின் கணக்கில் ‘செல்லாத கிளிக்’. ஒரே ஆட்கள், ஒரே மாதிரித் தளங்கள், உள்ளே வந்ததும் விளம்பரத்தைத் தட்டிவிட்டு ஓடும் பழக்கம் என்று இந்த வரிசை கண்டுபிடிக்கச் சுலபமானது. பிடிபட்டால் கணக்கை முடக்குவார்கள். சேர்ந்திருக்கும் பணமும் போகும். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்றாலும் அதை நம்பித் தொழில் நடத்த முடியாது. ஒருவருக்கு ஒரே கணக்கு என்பது விதி, ஆகவே வேறு பெயரில் மறுபடி வருவதும் ஆபத்துதான். உங்கள் விளம்பரத்தை நீங்களே தட்டுவதும் கூடாது. மச்சான், சித்தப்பா பையன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘எல்லாரும் ஒருமுறை தட்டுங்க’ என்று போடுவதும் கூடாது. பக்கத்திலேயே ‘விளம்பரத்தைத் தட்டி ஆதரவு தாருங்கள்’ என்று எழுதுவதும் இதே குற்றம்தான்.

இப்போது கருவிக்கு வருவோம். உங்கள் கேள்வி முழுக்க ‘கிளிக்’ என்ற ஒன்றையே சுற்றி வருகிறது. அதில் தப்பில்லை. 2003இல் ஆட்சென்ஸ் தொடங்கியதிலிருந்து, தட்டினால் காசு என்றுதான் எல்லாரும் பழகியிருக்கிறோம். ஆனால் 2023 நவம்பரில் கூகுள் ஓர் அறிவிப்பு விட்டது. 2024 தொடக்கத்திலிருந்து, தளங்களில் வரும் விளம்பரங்களுக்கு அவை திரையில் காட்டப்படும் எண்ணிக்கையை வைத்தே பணம் என்று மாற்றிவிட்டது. யாருமே சீண்டாத விளம்பரத்துக்கு விளம்பரதாரர் நல்ல விலை கொடுக்கமாட்டார் என்பதால், கிளிக்குக்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடவில்லை. ஆனால் சிபிசியை, அதாவது ‘ஒரு கிளிக்குக்கு எவ்வளவு’ என்பதைத் துரத்தும் மென்பொருளெல்லாம் பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அதே அறிவிப்பில் பங்குப் பிரிப்பையும் உடைத்துச் சொன்னார்கள். விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் வழியாக 100 ரூபாய் செலவிட்டால், விளம்பர இடத்தை வாங்கித்தரும் அந்தச் சேவை சராசரியாக 15 ரூபாய் எடுத்துக்கொள்ளும். மீதி 85இல் 80 சதவீதம் தளம் நடத்துபவருக்கு. ஆக உங்கள் கைக்கு வருவது 68 ரூபாய். எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்தப் பிரிப்பு மாறாது. அந்த 100 ரூபாயைப் பெரிதாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

‘அதிக சிபிசி சொற்கள்’ பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பல வருடங்களாக இவை சுற்றிக்கொண்டிருக்கின்றன. மேலே எப்போதும் காப்பீடு, கடன், அமெரிக்க வழக்கறிஞர். மீசோதெலியோமா என்று வாயில் நுழையாத ஒரு பெயரும் இருக்கும். அது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் ஒரு புற்றுநோய். பாதிக்கப்பட்டவர்களுக்காக நஷ்டஈட்டு வழக்கு நடத்தும் அமெரிக்க வக்கீல்கள் அந்தச் சொல்லுக்கு எக்கச்சக்கமாக ஏலம் கேட்கிறார்கள். அந்த விலை, கூகுள் தேடல் பக்கத்தின் உச்சியில் அமெரிக்காவில் தங்கள் விளம்பரம் வருவதற்கான விலை. திண்டுக்கல்லில் ஒருவர் தமிழில் படிக்கும் பக்கத்தின் ஓரத்தில் வரும் விளம்பரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கத்தரிச் செடிக்கு நடுவில் காப்பீட்டைப் பற்றி ஒரு கட்டுரை நட்டுவைத்தால், அதைத் தேடி வர ஆளும் இருக்காது. கூகுளின் கீவேர்ட் பிளானர் இலவசம். அதில் தெரியும் விலையைப் பார்க்காதீர்கள். மக்கள் எந்தச் சொல்லில் தேடுகிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

நீங்கள் பார்க்கவேண்டிய எண் ஆர்பிஎம். ஆயிரம் பக்கப்பார்வைக்கு எவ்வளவு வருமானம் என்பதுதான் அது. உங்களுக்கு 40,000 பார்வைக்கு 20 டாலர் என்றால் ஆர்பிஎம் அரை டாலர். பார்வை ஒன்றுகூடக் கூடாமல் இதை முக்கால் டாலருக்குக் கொண்டுபோனாலே மாதம் 30 டாலர் ஆகிவிடும். என்னைக் கேட்டால், பார்வையைக் கூட்டுவதைவிட இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஆட்சென்ஸ் கணக்குக்குள் அறிக்கைகள் பகுதியைத் திறந்து நாடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். தமிழ்த் தளம் நடத்துபவர்களில் பலர் இதைத் திறப்பதே இல்லை. பார்வையில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வரும். ஆனால் ஆயிரம் பார்வைக்கான வருமானம் கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா வரிசைகளில் வேறு உயரத்தில் இருக்கும். அங்கே விளம்பரதாரர்கள் விளம்பர இடத்துக்கான ஏலத்தில் அதிகம் கேட்கிறார்கள் என்பதுதான் காரணம். டொரண்டோவில் பனிக்காலத்தில் கறிவேப்பிலைச் செடியை வீட்டுக்குள் எப்படிக் காப்பாற்றுவது, ஜன்னலோரத்தில் கொத்தமல்லி வருமா என்று தேடும் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் கட்டுரை உங்கள் தளத்தில் உண்டா? காசுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குத் தமிழில் நல்ல பதில் கிடைப்பது அரிது.

இதையொட்டி ஒன்று. தமிழ்த் தளங்களில் வெளிநாட்டு வருமானம் கசியும் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். 2024 ஜனவரி 16 முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் இருக்கும் வாசகருக்கு அவர் விருப்பத்துக்கேற்ற விளம்பரம் காட்டவேண்டுமானால், கூகுள் சான்று பெற்ற ஒப்புதல் கருவி ஒன்றின் மூலம் அவரிடம் சம்மதம் வாங்கவேண்டும். அதே வருடம் ஜூலை 31 முதல் சுவிட்சர்லாந்தும் இதில் சேர்ந்துகொண்டது. லண்டன், பாரிஸ், ஆஸ்லோ, சூரிச் என்று தமிழர்கள் இருக்கும் ஊர்களெல்லாம் இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. சம்மதம் கேட்கும் பெட்டி உங்கள் தளத்தில் இல்லையென்றால் அந்த வாசகர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட விளம்பரங்களே போகும், வருமானமும் சரியும். இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்கவேண்டாம். ஆட்சென்ஸில் ‘பிரைவசி அண்ட் மெசேஜிங்’ என்ற பகுதியில் கூகுளே இலவசமாக வைத்திருக்கிறது. அரை மணி நேர வேலை.

அங்கே இருக்கும்போதே ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி கோப்பின் நிலையையும் பார்த்துவிடுங்கள். உங்கள் தளத்தின் விளம்பர இடத்தை விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் சின்னக் கோப்பு அது. போலித் தளங்களைத் தடுக்க 2017இல் வந்த ஏற்பாடு. ‘சைட்ஸ்’ பகுதியில் ‘ஆத்தரைஸ்ட்’ என்று இருந்தால் சரி. இல்லையென்றால் சில விளம்பரதாரர்கள் உங்கள் தளத்துக்கு ஏலமே கேட்கமாட்டார்கள்.

அடுத்தது விளம்பரம் வைக்கும் இடம். விளம்பரங்களைத் தானே இடம் பார்த்து வைக்கும் ‘ஆட்டோ ஆட்ஸ்’ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். பத்திக்குப் பத்தி விளம்பரம், அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்று, பக்கம் மாறும்போது முழுத்திரையில் ஒன்று. முழுக்க அணைக்கவும் வேண்டாம், முழுக்கத் திறந்துவிடவும் வேண்டாம். எவ்வளவு விளம்பரம் என்பதைக் கூட்டிக் குறைக்க அதிலேயே ஓர் அளவுகோல் உண்டு. ‘எக்ஸ்பெரிமென்ட்ஸ்’ என்ற சோதனைக் கருவியும் உள்ளேயே இருக்கிறது. வாசகர்களில் ஒரு பாதிக்கு இப்போதைய அமைப்பையும் மறுபாதிக்குப் புதிய அமைப்பையும் காட்டி, எதில் வருமானம் அதிகம் என்று எண்ணிச் சொல்லும். சூட்டு வரைபடம் போட்டுக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பல மென்பொருள்களைவிட இது மேல். அவை வாசகர் விரல் எங்கே போனது என்றுதான் சொல்லும், பணம் எங்கே வந்தது என்று சொல்லாது. உங்கள் தளத்துக்கு வரும் கூட்டத்தில் ஒரு சோதனை தெளிய சில வாரமாவது பிடிக்கும். இரண்டு நாள் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

விளம்பரம் அதிகமானால் பணம் அதிகம் என்பது ஓர் எல்லை வரைக்கும்தான் உண்மை. விளம்பரத் துறையினரே சேர்ந்து வகுத்த தரத்தின்படி, கைப்பேசியில் ஒரு பக்கத்தின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் பிடித்துக்கொண்டால் அது தொல்லை. அதையும் மீறி நெருக்கினால் வாசகர் பாதியில் போய்விடுவார்.

உங்கள் தளத்தின் வேகத்தையும் சோதியுங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம், முகவரியைக் கொடுத்தால் போதும். முக்கியமான படமோ எழுத்தோ இரண்டரை வினாடிக்குள் தெரியவேண்டும். பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்கவேண்டும். மாடித்தோட்டத் தளம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் படங்கள்தான். கைப்பேசியில் எடுத்த தக்காளிப் படத்தை நான்கு எம்பி அளவில் அப்படியே ஏற்றியிருப்பீர்கள். அதை வெப்பி வடிவத்தில் சுருக்கினால் நூறு கேபிக்குள்கூட அடங்கும். தமிழ் எழுத்துருவையும் கவனியுங்கள். அழகுக்காக நான்கைந்து எழுத்துருக் கோப்புகளை இறக்கும் தளங்கள் கிராமத்து நெட்வொர்க்கில் முழி பிதுங்கி நிற்கின்றன, ஒன்று போதும். விளம்பரம் வரும் இடத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கிவைத்தால், படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்காது. அப்படிக் குதிக்கும்போது விரல் தவறி விழும் கிளிக்கால் உங்களுக்கு ஆதாயம் இல்லை. தற்செயல் கிளிக்குகளையும் கூகுள் கழித்துவிடும்.

ஆட்களை வரவழைக்கக் கூகுளின் சர்ச் கன்சோல் ஒன்றே போதும். எந்தக் கேள்விக்கு உங்கள் பக்கம் தேடலில் எட்டாவது, பத்தாவது இடத்தில் நிற்கிறது என்று அது காட்டும். புதிதாக எழுதுவதைவிட, அந்தப் பக்கங்களைத் திருத்தி எழுதி மேலே ஏற்றுவது லாபம். கூகுள் ட்ரெண்ட்ஸில் பருவத்தைப் பாருங்கள். ஆடிப்பட்டத்துக்கான விதைக் கட்டுரையை ஆடி பிறந்தபின் போட்டால் கூகுள் அதைக் கண்டுகொள்வதற்குள் பட்டம் போய்விடும். வைகாசியிலேயே போட்டுவிடுங்கள். விளம்பரத்துக்கும் பருவம் உண்டு. தீபாவளியை ஒட்டி விளம்பரதாரர் கை தாராளமாக இருக்கும், ஜனவரியில் சுருங்கும். ஜனவரி எண்ணைப் பார்த்துப் பதறி எதையும் மாற்றாதீர்கள்.

பிடிக்காத விளம்பர வகைகளைத் தடுக்கவும் ஆட்சென்ஸில் வசதி உண்டு. சூதாட்டம் போன்றவற்றைத் தடுத்தால் சரிதான், வாசகர் மதிப்பு அதைவிடப் பெரிது. ஆனால் சலிப்பில் இருபது வகைகளைத் தடுத்தால் ஏலம் கேட்க ஆள் குறைந்து விலை இறங்கும்.

ஈசோயிக், மீடியாவைன் போன்ற நிறுவனங்களைப் பற்றி யாராவது சொல்வார்கள். அவை பல விளம்பரச் சந்தைகளை ஒன்றாக ஏலத்தில் இறக்கி விலையைக் கூட்டப் பார்ப்பவை. மீடியாவைன் போன்றவை வாசகர் கூட்டமோ வருமானமோ ஓரளவு இருந்தால்தான் சேர்க்கும். அமெரிக்க, பிரிட்டிஷ் வாசகர்கள் நிறைந்த ஆங்கிலத் தளங்களுக்கே இவற்றால் பலன் அதிகம். ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018இல்தான். தமிழ் மட்டும் எழுதும் தளத்துக்கு இன்றைக்கு ஆட்சென்ஸையே ஒழுங்காக ஓட்டுவது போதும் என்பது என் முடிவு.

கடைசியாக, பணம் கைக்கு வரும் விஷயம். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்யத் தபாலில் ஒரு பின் எண் வரும். இதற்குள் அதை முடித்திருப்பீர்கள். வங்கிக்கு அனுப்ப 100 டாலர் சேரவேண்டும். சேர்ந்தால் அடுத்த மாதம் 21ஆம் தேதியிலிருந்து 26ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள். உங்கள் தற்போதைய வேகத்தில் அது ஐந்து மாதத்துக்கு ஒருமுறை. மாதம் 30 டாலர் ஆனால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. தொகை சிறிதென்று விட்டுவிடாமல், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதையும் காட்டிவிடுங்கள்.