மொய் நோட்டை எடைக்குப் போட்டுடாதே!

"குடும்ப வரலாறு எழுதணும்க்கா, எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கணும்?" என்று கேட்டாய். ஆபீஸெல்லாம் கடைசி, தங்கச்சி. முதலில் பரண்மேல் ஏறு. பழைய மொய் நோட்டு அங்கேதான் கிடக்கும்.

நம் போடிப் பக்கத்தில் மொய் எழுதுகிறவர் வெறும் பேரோடு நிறுத்தமாட்டார். ஊர், அப்பா பேர், செய்கிற தொழில், பட்டப்பேர் எல்லாம் சேர்ந்தே வரும். சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று ஊர் ஊராகப் பிரித்து எழுதிப் பார்த்தால், எந்தெந்த ஊரில் பெண் கொடுத்தோம், எடுத்தோம் என்பது தெரிந்துவிடும். தாய்மாமன் செய்முறை எழுதின பக்கத்தை மட்டும் தனியாகப் போட்டோ எடுத்து வை. பங்காளிக் கணக்கில் பொம்பளைகள் பேர் வராது. அப்பத்தா பிறந்த வீட்டைப் பிடிக்க அந்தப் பக்கம்தான் வழி. கருமாதிப் பத்திரிகை கிடைத்தால் அதையும் விடாதே. மகன், மருமகள், பேரன், பேத்தி என்று மொத்தக் குடும்பத்தையும் அச்சடித்திருப்பார்கள்.

பேரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவாய். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அண்ணன் தம்பி நாலு பேருமே அப்பா பேரைத் தங்கள் மூத்த மகனுக்கு வைத்திருந்தால், ஒரே தெருவில் ஒரே பேரில் நாலு பேர். அதனால் பட்டப்பேரையும் வகையறாவையும் கட்டாயம் குறித்துக்கொள். பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவின் சாமோரோ மக்களுக்கும் இதே பாடுதான். ஸ்பானியர் ஆட்சியில் ஞானஸ்நானம் பெற்றுக் குரூஸ், பெரஸ் என்று ஊரெல்லாம் ஒரே பேராகிப்போக, ஒவ்வொரு வகையறாவையும் பட்டப்பேர் வைத்துத்தான் பிரித்து அறிகிறார்கள்.

அடுத்தது பெரியவர்கள். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். நோட்டும் பேனாவுமாய் அப்பத்தா முன்னால் போய் உட்கார்ந்தேன். "யாருடி கேக்கச் சொன்னா? பத்திரம் எதும் மாத்துறாகளா?" என்றதோடு வாயை மூடிக்கொண்டது. மறுவாரம் புளி கொட்டை எடுக்க உட்கார்ந்தபோது, நான் கேட்காமலே மூன்று தலைமுறையைக் கொட்டியது. வேலையோடு வேலையாகக் கேள். ஓடிப்போனது, ரெண்டாம் தாரம் மாதிரி சங்கதிகளை நாலு பேர் முன்னால் கிளறாதே.

வருசம் கேட்காதே, சம்பவம் கேள். போடிக்கு ரயில் வந்தது 1928-இல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். "தண்டவாளத்தைப் பிடுங்குனப்ப எங்க அண்ணன் கைப்பிள்ளை" என்று யாராவது சொன்னால், பிறப்பு 1940-ஐ ஒட்டி என்று எழுதிக்கொள். கேரள மலைக்குப் போன குடும்பமென்றால் "தொண்ணூத்தொம்பது வெள்ளம்" என்பார்கள். 1999 என்று எழுதிவிடாதே. அது கொல்லம் ஆண்டு 1099. 1924 ஜூலையில் மூணாறு ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போன வெள்ளம்.

திருவிதாங்கூர் காலத்துத் தாள்களில் இந்தக் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அந்த வருசம் ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்டு. ஜனவரி பிறந்தபின் 825. தமிழ் வருசப் பேர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ரக்தாட்சி என்றால் 1924-ஆகவும் இருக்கலாம், 1984-ஆகவும் இருக்கலாம். அறுபது வருசம் தவறினால் தாத்தா பேரனாகிவிடுவார்.

போடிமெட்டு தாண்டினால் வேறு மாநிலம் என்பதை மறந்துவிடாதே. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் இருந்த குடும்பத்துக்குத் தாள் ரெண்டு பக்கமும் இருக்கும். இடுக்கி மாவட்டம் பிறந்ததே 1972-இல்தான். அதற்கு முன்னால் உடும்பஞ்சோலை, தேவிகுளமெல்லாம் கோட்டயம் மாவட்டம். நாமும் 1990-களின் நடு வரைக்கும் மதுரை மாவட்டம்தானே! பழைய தாளில் மாவட்டப் பேர் மாறியிருந்தால் வேறு ஊரோ என்று குழம்பாதே. கேரளத்தில் பத்திரத்துக்கு 'ஆதாரம்' என்று பேர். கேட்டதும் ஆதார் கார்டை எடுத்து நீட்டாதே, நான் நீட்டியிருக்கிறேன். மலையாளம் வாசிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. போடிப் பக்கத்து நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தால் வாங்கினவர், விற்றவர் பேர் கிடைக்கும். மூலப் பத்திரத்தில் அப்பா பேரும் ஊரும் இருக்கும்.

தோட்டம் இல்லாமல் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்கள் பேரில் பத்திரம் ஏது? அவர்களுக்குக் கங்காணியைத் தேடு. கங்காணி பெரும்பாலும் தன் சொந்த ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும்தான் ஆள் கூட்டிப்போவார். அவர் ஊர் தெரிந்தால் உன் தாத்தா ஊர் பக்கத்தில் வந்துவிட்டாய் என்று வைத்துக்கொள். லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களையும் விசாரி.

குலசாமி கோயிலைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் அது லேசான விசயமில்லை. இங்கே இருக்கிற கோயில் பிடிமண் எடுத்து வந்து கட்டினதா என்று பூசாரியிடம் கேள். ஆமென்றால், எந்த ஊர் மண் என்று கேள். நம் ஆட்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல துப்புக் கிடைப்பது கஷ்டம். தலைக்கட்டு வரி எழுதின நோட்டு கோயில் பெட்டியிலோ, வரி வசூலிக்கிற பெரியவர் வீட்டிலோ இருக்கும். கேட்டுப் பார். வீட்டுக்குக் கொடு என்று மட்டும் கேட்காதே, தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்.

எழுதும்போது காதால் கேட்டதற்கு ஒரு நிற மை, தாளில் பார்த்ததற்கு வேறு நிற மை. யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் ஓரத்தில் குறித்துவிடு. கதை கேட்கச் சிவராத்திரி நல்ல நாள். பங்காளிகள் எல்லாரும் விடிய விடிய குலசாமி கோயிலில்தான் இருப்பார்கள். போன் சார்ஜரோடு பவர் பேங்கும் எடுத்துப் போ. போன வருசம் பன்னிரண்டு மணிக்கே என் போன் அணைந்துபோய், ஒரு பெரியப்பா சொன்ன பாதிக் கதை போச்சு.