உப்புக்காற்றும் சைலன்சர் புகையும்

அன்புள்ள தம்பிக்கு,

வேம்பாரில் பட்டறை திறந்துவிட்டாய். இனி "இந்தப் பழைய வண்டியை வாங்கலாமா, பார்த்துச் சொல்லு" என்றுதான் பாதிப் பேர் வருவார்கள். சங்கு குளித்த காசும் கருப்பட்டி விற்ற காசும் உன் வாய்ச்சொல்லை நம்பிக் கைமாறப்போகிறது. அதனால் புகை வாடையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

முதலில், இன்ஜின் ஆறிய வண்டியாகக் கேள். பானெட்டில் கை வைத்துச் சூடாக இருந்தால் மறுநாள் காலை வரச் சொல். முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகையும் ஆயில் கருகும் வாடையும் வந்து சற்று நேரத்தில் நின்றால் வால்வ் சீலைப் பார். வண்டி ஏறி இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படு.

புகையில் இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம் என்று படித்திருப்பாய். உண்மைதான், கூலன்ட்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் அப்படித்தான் மணக்கும். ஆனால் நம் கரையோரம் ஓடிய பல வண்டிகளின் ரேடியேட்டரில் கூலன்ட்டே இருக்காது; உப்புக் கிணற்றுத் தண்ணீர்தான். அதில் கேஸ்கெட் போனாலும் இனிப்பு வராது. பதநீர் காய்ச்சும் மாதங்களிலோ ஊர்க்காற்றே இனிக்கும். ஆகவே மூக்கை மட்டும் நம்பாதே. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார். விரலில் செங்காவித் தண்ணீர் ஒட்டினால் உள்ளே துரு பிடித்துவிட்டது. மூடியைப் போட்டு ஓடவிட்டு, பக்கத்து டேங்கைக் கவனி. குமிழி ஓயாமல் கிளம்பி, சூடேறிய பின்னும் வெள்ளைப்புகை நிற்கவில்லையென்றால், அந்த வண்டி வேண்டாம் என்று தயங்காமல் சொல்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் வாடை காட்டிக்கொடுக்கும். வள்ளத்து மோட்டார்ப் புகையில் வளர்ந்த நமக்கு அது உறைக்காது. வெளியூர்க்காரர் ஒருவரை முகரச் சொல்.

அழுகிய முட்டை வாடைக்குக் காரணம் எரிபொருளிலுள்ள கந்தகம். 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 எரிபொருளில் அது 50 பி.பி.எம்-இலிருந்து 10 ஆகக் குறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் நாறினால் பெட்ரோல் அதிகமாகப் பாய்கிறதா, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிட்டதா என்று பார்; பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனாலும் இதே நாற்றம்தான். கண்ணை எரிக்கும் புகையென்றால் வண்டிக்கடியில் படுத்துப் பார். பல்லேடியம், ரோடியத்துக்காகக் கன்வெர்ட்டரைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. உப்புக்காற்று சைலன்சர் குழாயை அரித்து ஓட்டை போட்டால் அது வண்டிக்குள் ஏறும். ஏசி போட்டுத் தூங்குகிற குழந்தைக்குத் தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் குழாய் வாயை ஒரு நொடி அழுத்து. 'உஸ்' என்று எங்கே சத்தம் வருகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடு. வாங்குகிறவர் பேரம் பேசிக்கொண்டிருக்கட்டும். அந்த ஓட்டையை அடைக்காமல் வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்