மூலத்தை எங்கே காட்ட வேண்டும்?

இடுபணி எழுத அமரும் மாணவர்களில் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர் வாக்கியந்தோறும் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரை இடுவர். மற்றொரு வகையினர் கடைசிப் பக்கத்தில் நூற்பட்டியல் தந்தால் போதும் என்றிருப்பர். இரண்டுமே பிழை. "இஃது உமக்கு எப்படித் தெரியும்?" என்று வாசகர் கேட்கக்கூடிய இடத்தில்தான் மூலம் தேவைப்படுகிறது.

செபராங் ஜெயாவைப் பற்றி ஒரு மாணவர் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம்.

1. "பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது." எந்த நூலைப் புரட்டினாலும் ஒன்றுபோலவே காணப்படும் பொதுச் செய்தி இது. மூலம் வேண்டியதில்லை.

2. "பாலம் வந்ததால்தான் செபராங் ஜெயா விரைந்து வளர்ந்தது." இது காரணம் கூறும் கருத்து, மறுப்போரும் இருக்கலாம். படித்த கருத்தாயின் கூறியவரைச் சுட்ட வேண்டும். சொற்களை மாற்றி எழுதினாலும் கருத்து அவருடையதே. உங்கள் சொந்த முடிவாயின், அதற்கு ஆதாரமான தரவுகளின் மூலத்தைக் காட்ட வேண்டும்.

3. "இங்குள்ள தமிழர் இத்தனை விழுக்காட்டினர்." எண் வந்தால் மூலமும் உடன் வர வேண்டும். செபராங் ஜெயா ஒரு நகர்ப்பகுதியின் பெயர். சட்டமன்றத் தொகுதி ஒன்றின் பெயரும் அதுவே. எந்த எல்லைக்குரிய எண், எந்த ஆண்டுக் கணக்கு என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

4. "கடைகளின் தமிழ்ப் பெயர்ப்பலகைகளை நானே எண்ணினேன்." இதற்கு மூலம் நீங்களே. எண்ணிய நாளையும் முறையையும் மட்டும் குறிப்பிடுங்கள்.

5. "தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர் கூறினார்." பலர் தவறுவது இங்கேதான். அச்சில் வராத செய்திக்கு மூலம் எதற்கு என்று விட்டுவிடுகிறோம். நேர்காணல் நடந்த நாள், இடம், அவருடைய இசைவுடன் அவர் பெயர் ஆகியவற்றைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

மூலம் காட்டுவது நமக்குப் புதிய வழக்கமன்று. "என்ப", "என்மனார் புலவர்" என்று முன்னோரைச் சுட்டியே தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். ஆனால் அவர் பெயர் சொல்லவில்லை. அப்புலவர்கள் யாரென்று நாம் அறியோம். சிலப்பதிகாரத்திற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரோ தாம் துணைக்கொண்ட இசை, நாடக நூல்களைப் பெயரிட்டே கூறினார். அவற்றுள் பஞ்சமரபு பிற்காலத்தில் கிடைத்து அச்சேறியது. மதிவாணர் இயற்றிய நாடகத்தமிழ் நூல் நம் கைக்கு எட்டவில்லை. எனினும் அப்படியொரு நூல் இருந்தது என்பதை அவருடைய உரையால் அறிகிறோம்.

செபராங் பிறையின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தவர்களின் நினைவுகளும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. நாளை ஓர் ஆய்வாளர் அவற்றைத் தேடும்போது, இன்று நீங்கள் எழுதும் ஓர் அடிக்குறிப்பே அவருக்குக் கிடைக்கும் ஒரே தடயமாக இருக்கலாம். மதிப்பெண்ணுக்காக மட்டும் அதை எழுதாதீர்கள்.